'கேன்' ஒண்ண ஒழுங்கா புடிச்சுக்கங்க: இங்கிலீஷ் பேச ஆரம்பிக்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

மதுரை செல்லூர்ல எங்க வீட்டு மொட்டை மாடில சாயங்காலம் ஆறரைக்கு மேல ஒரு எட்டுப் பத்து பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன், ஃபீஸ் எல்லாம் கிடையாது, யாராச்சும் வர்றப்ப ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வருவாங்க அம்புட்டுதான். அதுல டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஆட்டோ ஓட்டுற ஒரு அண்ணே இருக்காரு, வயசு அம்பத்தஞ்சு இருக்கும், கிளாஸ்லயே உருப்படியா கேள்வி கேக்குற ஆளு அவருதான். போன மாசம் வந்து, "டீச்சரம்மா, ஒரு வெள்ளக்காரம்மா 'கேன் யு டேக் அஸ் டு தி பேலஸ்'னு கேட்டுச்சு, நான் 'எஸ், ஐ ஆம் கேன் ஏபிள் டூ டேக்கிங்'னு சொன்னேன், ஏறி உக்காந்துருச்சு, அப்ப நான் சொன்னது சரிதான?"ன்னாரு. ஏறி உக்காந்தது சரிதான், சொன்னதுல மூணு தப்பு இருக்கு. அந்த மூணையும் நம்மாளுங்க முக்காவாசிப் பேரு பண்றோம், நானும் காலேஜ் படிக்கிறப்ப பண்ணிருக்கேன், அதுனால கேன்-ஐ மட்டும் ரெண்டு வாரம் உக்காந்து நடத்துனேன். அத அப்படியே எழுதிர்றேன், அவசரமா படிக்காம ஒரு பேப்பர் பேனா வச்சுக்கிட்டு படிங்க.

படி 1: மொதல்ல தமிழப் பாருங்க

எல்லா புக்லயும் கேன்னா 'முடியும்'னு போட்டு அடுத்த பக்கம் போயிருவாங்க. அங்கனயே பாதி கோளாறு ஆரம்பிச்சுருது. நம்ம வாயில 'முடியும்' எப்பயாச்சும்தான் வருது, கவனிச்சுப் பாருங்க. கீழ இருக்க அஞ்சையும் பேப்பர்ல எழுதுங்க:

எனக்கு நீச்சல் தெரியும்.
எனக்கு பரோட்டா போட வரும்.
என்னால தண்ணி கேன தூக்க முடியும்.
நீங்க இங்க உக்காரலாம்.
நீங்க பேசுறது எனக்குக் கேக்குது.

தெரியும், வரும், முடியும், லாம், கேக்குது. நமக்கு அஞ்சும் அஞ்சு வேற வேற விஷயம், ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண போட்டா சிரிப்பாங்க. இங்கிலீஷ்காரனுக்கு அஞ்சும் ஒண்ணுதான்:

ஐ கேன் ஸ்விம்.
ஐ கேன் மேக் பரோட்டாஸ்.
ஐ கேன் லிஃப்ட் எ வாட்டர் கேன்.
யு கேன் சிட் ஹியர்.
ஐ கேன் ஹியர் யு.

மூணாவதுல ரெண்டு கேன் வந்துருச்சுன்னு கிளாஸ்ல ஒரே சிரிப்பு. மொதல்ல வர்றது முடியும்ங்குற கேன், கடைசில வர்றது வாசல்ல வந்து எறக்குறாங்களே இருவது லிட்டர் தண்ணி, அந்தக் கேன். எழுத்தும் ஒண்ணுதான் சி ஏ என், சொல்றதுலதான் வித்தியாசம், அத படி 5ல சொல்றேன்.

இப்ப ஒவ்வொரு வரியோட ஆரம்பத்தையும் பாருங்க. தமிழ்ல 'எனக்கு', 'என்னால', திரும்ப 'எனக்கு'. இங்கிலீஷ்ல அது எல்லாமே வெறும் 'ஐ'. நாம மனசுக்குள்ள 'எனக்கு'ன்னு ஆரம்பிக்கிறதுனாலதான் வாயில 'மீ' வந்து நிக்குது, 'மீ கேன்', 'ஃபார் மீ கேன்'னு உளறிர்றோம். கேன் வருதுன்னா எனக்கு, உனக்கு, அவரால, அவங்களால எல்லாத்தையும் நான், நீ, அவரு, அவங்கன்னு மாத்திட்டு ஆரம்பிக்கணும். இத ஒரு நாள் முழுக்கப் பழகுனாலே போதும், பாதி தடுமாற்றம் போயிரும்.

இன்னொண்ணு, நம்மாளுங்க 'ஐ நோ ஸ்விம்மிங்', 'ஐ நோ டிரைவிங்'னு சொல்றது. 'தெரியும்'னா 'நோ'ன்னு மனப்பாடம் பண்ணதோட விளைவு. கேட்டா புரியும்தான், ஆனா அவங்க 'ஐ கேன் ஸ்விம்', 'ஐ கேன் டிரைவ்'னுதான் சொல்லுவாங்க. இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு: கேன்ங்குற வார்த்தை பழைய இங்கிலீஷ்ல 'குன்னன்'னு ஒரு வார்த்தைலேந்து வந்தது, அதுக்கு அர்த்தமே 'தெரிஞ்சிருக்கிறது'தான், 'நோ'வும் அதுக்கு ஒரே வேர்ச்சொல் பங்காளி. ஆக கேன்-க்கு மொத அர்த்தம் நம்ம 'தெரியும்', 'முடியும்' அப்புறமா வந்து ஒட்டுனது. இதச் சொன்னதுக்கப்புறம் ஆட்டோ அண்ணே 'ஐ நோ டிரைவிங்'ங அடியோட விட்டுட்டாரு.

படி 2: ஆளு, கேன், மொட்டை வினை

அமைப்பு இம்புட்டுதான். யாரு, அடுத்து கேன், அடுத்து வினைச்சொல்ல மொட்டையா வைக்கணும். மொட்டைன்னா தலையிலயும் வாலுலயும் ஒண்ணும் இருக்கக்கூடாது. எஸ் கூடாது, ஐஎன்ஜி கூடாது, முன்னாடி டு கூடாது ('கேன் டு கோ'ன்னு சொல்லக்கூடாது).

நமக்கு இது ஏன் கஷ்டமா இருக்குன்னா 'போ', 'குடு'ன்னு ஏவுறத விட்டா தமிழ்ல வினைக்கு வால் இல்லாம இருக்கவே இருக்காது. போறேன், போற, போறாரு, போறாங்கன்னு ஆளுக்கு ஒரு வாலு. அந்தப் பழக்கத்துல 'ஹி கேன் கோஸ்'னு வந்துருது, இன்னும் சிலபேரு கேன்-க்கே வால ஒட்டி 'ஹி கேன்ஸ்'ம்பாங்க. ஐ கேன் கோ, ஹி கேன் கோ, ஷி கேன் கோ, மை மதர் கேன் கோ. யாரு வந்தாலும் போனாலும் கேன் அசையாது, கோவும் அசையாது. இங்கிலீஷ்லயே இவ்வளவு சுலபமான எடம் வேற இல்ல, இங்க போயி நாமளா கஷ்டத்த இழுத்து விட்டுக்கிறோம்.

அடுத்து 'ஆம்'. 'ஐ ஆம் கேன்', 'ஐ ஆம் கேன் டூ'. பள்ளிக்கூடத்துல 'ஐ'ன்னா பின்னாடியே 'ஆம்' வரும்னு பசை போட்டு ஒட்டி விட்டுட்டாங்க. கேன் வந்துருச்சுன்னா ஆம், ஈஸ், ஆர், டு, டஸ் எதுக்கும் அங்க வேலை இல்ல.

இப்ப பெரிய ஆளுக்கு வர்றேன்: 'கேன் ஏபிள் டூ'. இன்டர்வியூக்குப் போற பிள்ளைங்க, பேங்க்ல வேலை பாக்குறவங்க, மைக் புடிச்சுப் பேசுறவங்கன்னு எல்லார் வாயிலயும் இது இருக்கு. 'ஐ கேன் ஏபிள் டூ டூ திஸ் ஒர்க்.' கேன்னாலே முடியும், ஏபிள் டூன்னாலும் முடியும், ரெண்டையும் சேத்தா 'என்னால முடிய முடியும்'னு சொல்ற மாதிரி இருக்கு. ஒண்ணு 'ஐ கேன் டூ திஸ் ஒர்க்'னு சொல்லுங்க, இல்ல 'ஐ ஆம் ஏபிள் டூ டூ திஸ் ஒர்க்'னு சொல்லுங்க. சும்மா பேசுறப்ப மொதலாவதே போதும், சின்னதா இருக்கு, நாக்கும் மடங்காது. ஏபிள் டூ எங்க உண்மையிலேயே தேவைப்படும்னு படி 6ல வருது, அதுவரைக்கும் அத பரண்ல தூக்கிப் போட்டுருங்க.

படி 3: கேள்வியா மாத்துறது

தமிழ்ல கேள்வி கேக்கணும்னா கடைசில ஒரு 'ஆ' போட்டா முடிஞ்சுச்சு. முடியும் முடியுமா, தெரியும் தெரியுமா, வரலாம் வரலாமா. இங்கிலீஷ்ல கேன் எந்திரிச்சு முன்னாடி போயி நிக்கணும். யு கேன் கம், கேன் யு கம்? 'டு யு கேன் கம்' கிடையவே கிடையாது.

பதில் சொல்றது ரொம்ப சின்னது. எஸ், ஐ கேன். நோ, ஐ கான்ட். வெறும் எஸ், நோன்னு நிறுத்துனா கொஞ்சம் வெடுக்குன்னு இருக்கும், அந்த ரெண்டு வார்த்தைய சேத்துக்கங்க.

எங்க, எப்ப, எப்படின்னு கேக்குறப்பதான் வழுக்குது. 'வேர் ஐ கேன் கெட் ஜிகர்தண்டா?' இப்படித்தான் எல்லாரும் கேக்குறாங்க. வேர் மொதல்ல வந்தாலும் கேன் ஆளுக்கு முன்னாடிதான் நிக்கணும்: வேர் கேன் ஐ கெட் ஜிகர்தண்டா? ஹவ் கேன் ஐ கெட் டு மாட்டுத்தாவணி? வென் கேன் வி மீட்?

(ஆனா 'கேன் யு டெல் மி வேர் ஐ கேன் கெட் ஜிகர்தண்டா?'ன்னு நீட்டிக் கேட்டீங்கன்னா அந்த 'வேர் ஐ கேன்' சரி. ஏற்கனவே முன்னாடி ஒரு கேன் போயி கேள்வி கேட்டுருச்சுல்ல, பின்னாடி இருக்கது அது எடத்துலயே உக்காந்துக்கும். குழப்பமா இருந்தா இப்பதைக்கு விட்டுருங்க, ஒரு மாசம் கழிச்சு திரும்பப் படிங்க.)

ஒரு சின்ன விஷயம், வெளிநாட்டுக்காரங்ககிட்ட 'கேன் யு ஸ்பீக் இங்கிலீஷ்?'னு கேக்குறது தப்பு இல்ல, ஆனா 'உனக்கு அது வருமா?'ன்னு அவங்க தெறமைய சோதிக்கிற மாதிரி லேசா இருக்கும். 'டு யு ஸ்பீக் இங்கிலீஷ்?'னு கேட்டா மென்மையா இருக்கும். கோயிலுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தாய்மொழியா என்ன, பிரான்ஸ்காரங்க இத்தாலிக்காரங்கன்னு வர்றாங்க, அவங்களுக்கும் நம்மள மாதிரி கொஞ்சம் உதறல் இருக்கும்.

படி 4: நம்ம 'ங்க' அங்க எப்படி வரும்

இதுதான் எனக்குப் புடிச்ச பாடம். நாம மரியாதைய வினையோட வால்லயே வச்சுருக்கோம். தள்ளு, தள்ளுங்க. குடு, குடுங்க. ஒரு 'ங்க' போட்டா போதும், ப்ளீஸ் எல்லாம் நாம வீட்லயா சொல்றோம், "அண்ணே ரெண்டு காபி குடுங்க"ன்னா அதுலயே மரியாதை இருக்கு. இங்கிலீஷ்ல அந்த 'ங்க' கிடையாது. அதுனால 'கிவ் டூ காபி'ன்னு சொன்னா நம்ம மனசுல 'குடுங்க'ன்னு இருந்தாலும் அவங்க காதுல 'குடு'ன்னுதான் விழுது. நல்ல மனுஷன் கூட இங்கிலீஷ் பேசுறப்ப அதட்டுற மாதிரி தெரியிறது இதுனாலதான்.

அங்க 'ங்க' வேலைய பாக்குறது கேன். தள்ளுங்க: கேன் யு மூவ் எ லிட்டில், ப்ளீஸ்? மெதுவா பேசுங்க: கேன் யு ஸ்பீக் ஸ்லோலி, ப்ளீஸ்? கேள்வி மாதிரி இருக்கும், ஆனா 'எஸ் ஐ கேன்'னு சொல்லிட்டு சும்மா நிக்கக்கூடாது, தள்ளணும்.

காபி வாங்குறப்ப ஆளே மாறிருவாங்க. நாம 'நீங்க குடுங்க'ம்போம், அவங்க 'நான் வாங்கிக்கலாமா'ன்னு கேப்பாங்க: கேன் ஐ ஹேவ் டூ காஃபீஸ், ப்ளீஸ்? கடைல நிக்கிறவங்களும் அப்படித்தான், நாம 'என்ன வேணும்?'னு கேக்குறத அப்படியே 'வாட் டு யு வான்ட்?'னு மாத்துனா 'உனக்கு என்னய்யா வேணும்'ங்குற மாதிரி போயிரும். கேன் ஐ ஹெல்ப் யு? இத மட்டும் சொல்லுங்க. புடவைக் கடைல வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு இந்த ஒத்த வரிய மாத்துனதுக்கே சூப்பர்வைசர் கூப்பிட்டு "எங்க படிக்கிற"ன்னு கேட்டாராம்.

இன்னும் கொஞ்சம் பவ்யமா வேணும்னா கேன்-க்குப் பதிலா குட். குட் யு வெயிட் ஃபைவ் மினிட்ஸ், ப்ளீஸ்? இது குட் மார்னிங்ல வர்ற குட் இல்ல, மார்னிங் குட்-ல ஜி சத்தம், இதுல 'குடம்'னு சொல்றப்ப வர்ற கு. எழுதுறப்ப சி ஓ யு எல் டி, நடுவுல இருக்க எல்-ஐ சொல்லவே கூடாது. அந்த எல் ஆரம்பத்துல அங்க கிடையவும் கிடையாது, உட், ஷுட் ரெண்டுலயும் எல் இருக்கேன்னு பாத்து பிற்பாடு இதுலயும் சொருகிட்டாங்க. சும்மா உக்காந்துருக்க எழுத்துன்னு நெனச்சுக்கங்க.

போன்ல பேசுறப்ப நம்மாளுங்க 'ஆம் ஐ ஆடிபிள்?'ம்பாங்க. நம்ம ஊருக்குள்ள ஓடுது, ஆனா 'நான் பேசுறது கேக்குதா?'ன்னா கேன் யு ஹியர் மி? அவ்வளவுதான். சார், ஐ கேன் ஹியர் யு. மேம், ஐ கான்ட் ஹியர் யு, தி நெட்ஒர்க் ஈஸ் பேட். ஆன்லைன் இன்டர்வியூக்குப் போற பிள்ளைங்க இந்த மூணு வரிய தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.

படி 5: கான்ட், அப்புறம் காது பிரச்சனை

முடியாதுக்கும் கான்ட், கூடாதுக்கும் கான்ட். ஐ கான்ட் கம் டுடே, இன்னைக்கு வர முடியாது. யு கான்ட் பார்க் ஹியர், இங்க வண்டிய நிறுத்தக்கூடாது. 2018ல மீனாட்சி அம்மன் கோயில்ல தீ விபத்து நடந்ததுக்கப்புறம் உள்ள செல்போன் கொண்டு போக விடுறதில்ல, அத வெளியூர்க்காரங்களுக்கு எப்படி சொல்லணும்? 'மொபைல் நாட் அலவ்டு'ன்னு சொன்னா போர்டு படிச்ச மாதிரி இருக்கும். யு கான்ட் டேக் யுவர் ஃபோன் இன்சைட். பின்னாடியே, பட் யு கேன் லீவ் இட் அட் தி கவுன்டர். ஒரே மூச்சுல கான்ட்டும் கேனும் வந்துருச்சு பாருங்க, ஆட்டோ அண்ணேக்கு தெனமும் ரெண்டு தடவையாச்சும் இது உதவுது.

மூணாவதா ஒரு அர்த்தம் இருக்கு, 'இருக்காதே'ங்குறது. யாரோ ஒரு செய்தி சொல்றாங்க, 'அட அப்படி இருக்காதுப்பா'ம்போம்ல, தட் கான்ட் பி ட்ரூ.

இப்ப சத்தம். கேன், கான்ட் ரெண்டையும் நாம ஒரே அழுத்தமா சொல்றோம், தண்ணிக்காரரு வாசல்ல நின்னு 'கேன்ன்'னு கத்துற மாதிரி. அவங்க சாதாரணமா பேசுறப்ப கேன்-ஐ முழுங்கிருவாங்க, 'ஐ க்கன் கம்'னு, கேனே காதுல விழாது, அழுத்தம் முழுக்க 'கம்' மேல. கான்ட்-ஐ மட்டும் அழுத்துவாங்க. அமெரிக்காக்காரங்க அத 'கேன்ட்'னு சொல்லி கடைசி ட்-யையும் பாதில விட்டுருவாங்க. அதுனால நீங்க 'ஐ கேன்ன் கம்'னு கேன்-ஐ அழுத்துனீங்கன்னா அவங்களுக்கு 'வர முடியாது'ன்னு கேட்டுரும்! வர்றேன்னு சொல்லிட்டு அஞ்சு மணிக்கு நீங்க போயி நிப்பீங்க, அங்க ஆளே இருக்காது. கேன்-ஐ மெதுவா விடுங்க, வினைய அழுத்துங்க. முடியாதுன்னா பிரிட்டிஷ் மாதிரி 'கான்ட்'னு நல்லா வாயத் தொறந்து இழுத்துச் சொல்லுங்க, நமக்கும் அதுதான் பழக்கம், குழப்பம் வராது. எஸ் ஐ கேன்னு பதில் சொல்றப்ப மட்டும் முழுசா சொல்லணும், அங்க முழுங்கக்கூடாது.

படி 6: கேன்-ஐ எங்க போடக்கூடாது

'லாம்'னு வந்தா எல்லாம் கேன்னு நெனச்சுராதீங்க. கண்டக்டர் 'போலாம் ரைட்'டுங்குறாரு, அங்க யாரு யாருக்கு அனுமதி குடுக்குறா? அது லெட்ஸ் கோ. 'கெளம்பலாமா?'ன்னா ஷல் வி கோ? அங்க கேன் வி கோன்னு கேட்டா 'எங்கள விடுவீங்களா'ன்னு பர்மிஷன் கேக்குற மாதிரி ஆயிரும்.

'இன்னைக்கு மழை வரலாம்', இதுவும் கேன் இல்ல. இட் மே ரெயின் டுடே, இல்ல மைட். ஒரு குறிப்பிட்ட நாள்ல வரும் வராதுன்னு சந்தேகமா சொன்னா மே, மைட். பொதுவா இப்படியும் ஆகும்னு சொன்னா கேன். மார்கழில பனி விழுந்து வரத்து கொறஞ்சு மல்லிப்பூ வெல எகிறுமே, ஜாஸ்மின் கேன் பி வெரி எக்ஸ்பென்சிவ் இன் டிசம்பர். மதுரை கேன் பி வெரி ஹாட் இன் மே. (இதுல வர்ற மே மாசம்.) எல்லா நாளும் அப்படின்னு அர்த்தம் இல்ல, அப்படி ஆகுறது உண்டுன்னு அர்த்தம்.

நடந்து முடிஞ்சதுக்கு குட். எங்க தாத்தா காலத்துல வைகைல குளிக்கலாம், நீந்தலாம்: பீப்பிள் குட் ஸ்விம் இன் தி வைகை. ரொம்ப நாளா இருந்த தெறமை, வசதின்னா குட் சரி. ஆனா 'நேத்து ஓடிப்போயி பஸ்ஸ புடிச்சுட்டேன்'னு ஒரு தடவ நடந்தத சொல்றப்ப குட் கேட்ச்னு சொல்லாதீங்க, இங்கதான் பரண்ல போட்டத எறக்கணும்: ஐ வாஸ் ஏபிள் டூ கேட்ச் தி பஸ். புடிக்க முடியலன்னா பிரச்சனையே இல்ல, ஐ குடன்ட் கேட்ச் தி பஸ், எல்லாத்துக்கும் செல்லும்.

இனிமே நடக்கப்போறதுக்கு வில் பக்கத்துல கேன் நிக்காது. 'ஐ வில் கேன்' கெடையாது, ஐ வில் பி ஏபிள் டூ. அடுத்த வருஷம் நல்லா பேசுவேன்: நெக்ஸ்ட் இயர் ஐ வில் பி ஏபிள் டூ ஸ்பீக் வெல். நாளைக்கு வர முடியும்ங்குற மாதிரி பக்கத்துல இருக்கதுக்கு மட்டும் ஐ கேன் கம் டுமாரோன்னு கேனே போதும்.

படி 7: எப்படிப் பழகுறது

ஆரப்பாளையத்துலேந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ்ல போற நேரம் போதும். ஜன்னல் வழியா பாக்குற ஒவ்வொரு ஆளுக்கும் மனசுக்குள்ள ஒரு வரி. பரோட்டா மாஸ்டரு, ஹி கேன் மேக் பன் பரோட்டா. தலைல கூடை, ஷி கேன் கேரி எ பிக் பாஸ்கெட். டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா, வி கான்ட் மூவ். அதுல ஒவ்வொண்ணையும் கேள்வியாக்குங்க, அப்புறம் கான்ட் போட்டு மாத்துங்க. வீட்டுக்கு வந்து அந்த வரிகள போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, கேன் முழுங்குதா கான்ட் தனியா கேக்குதான்னு மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்க வேண்டாம். வீட்ல ஒரு ஆளுகிட்ட 'ங்க' போடுற எடத்துல எல்லாம் கேன் யு, கேன் ஐன்னு பேசி கடுப்பேத்துங்க, பத்து நாள்ல அவங்களே பதில் சொல்ல ஆரம்பிச்சுருவாங்க.

ஊரச் சுத்திக் காட்டுற வேலைன்னா இன்னும் நல்லது. ஆயிரங்கால் மண்டபத்துக்கு யு கேன் சீ 985 பில்லர்ஸ், நாட் தவுசண்ட்னு ஆட்டோ அண்ணே இப்ப ஸ்டைலா சொல்றாரு.

போன வாரம் அவரு வந்தப்ப மூஞ்சில ஒரே சந்தோஷம். ஒரு ஜோடிய திருமலை நாயக்கர் மஹால்ல எறக்கி விட்டாராம், 'கேன் யு வெயிட் ஒன் அவர்?'னு கேட்டாங்களாம், இவரு 'எஸ், ஐ கேன். கேன் யு பே வெயிட்டிங் சார்ஜ்?'னாராம். ஆம் இல்ல, ஏபிள் டூ இல்ல, வினை மொட்டையா இருக்கு, கேன் எந்திரிச்சு முன்னாடி போயிருக்கு, எனக்கு அழுகையே வந்துரும் போல இருந்துச்சு. "அண்ணே, இன்னும் கொஞ்சம் மரியாதையா குட் யுன்னு கேட்டுருக்கலாம்"னேன்.

"மரியாதையா கேட்டா பேரம் பேசுவாங்க டீச்சரம்மா"ன்னாரு.